ரூட்டு தல, எழுபது பேர், ஒரு பேய்

1

ஆண்கள் கூட்டமாகச் சேர்வதைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். நட்பு, வீரம், கொள்கை, மானம் என்று பல பெயர்களில் அதைப் பாடியிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் யாரை வெளியே நிறுத்தியபோது கூட்டமாயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையில் அந்தக் கேள்வியை மூன்று கூட்டங்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

மூன்றும் ஒரே ஊரைத் தொட்டுச் செல்பவை. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம், திருத்தணி போகும் புறநகர் ரயிலில் திருவள்ளூர் தாண்டி, மணவூருக்கு அடுத்து வருகிற நிலையம் திருவாலங்காடு. இந்தத் தடத்தில் ஏறி இறங்கும் சென்னைக் கல்லூரி மாணவர்களின் 'ரூட்டு' முதல் கூட்டம். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் தீப்பாய்ந்ததாகச் சொல்லப்படும் எழுபது வேளாளர் இரண்டாவது. காரைக்காலம்மையாரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட சிவனடியார் கூட்டம் மூன்றாவது. அம்மையார் கடைசியாக வந்து தங்கிய தலம் திருவாலங்காடு என்பது பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும்.

இவற்றை ஒன்றாக வைத்துப் படிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் தமிழ் கற்பிக்கிறவள். காலையில் இந்த ரயிலில் நெருக்கியடித்து வந்து இறங்குகிற மாணவிகளிடம் பதினோரு மணி வகுப்பில் பெரியபுராணம் நடத்துகிறேன். ரயிலில் அவர்கள் கேட்ட வசவும் பாடத்தில் அவர்கள் படிக்கிற தொன்மமும் ஒரே சொற்களைப் பயன்படுத்துகின்றன. 'நீலி', 'பேய்' ஆகிய இரண்டு சொற்களையும் அவர்கள் இரண்டு இடங்களிலும் கேட்கிறார்கள். இரண்டு இடங்களையும் சேர்த்துப் படிக்காத இலக்கியப் பாடம் அவர்களுக்குப் பாதிப் பாடம்தான்.

2

சென்னையில் கல்லூரிக்குப் போன எவருக்கும் ரூட்டு என்றால் தெரியும். ஒரே பஸ் தடத்தில், அல்லது ஒரே ரயில் பாதையில் வருகிற, ஒரே கல்லூரியைச் சேர்ந்த மாணவர்களின் கூட்டம் அது. பஸ் என்றால் தடத்தின் எண்ணே கூட்டத்தின் பெயராகிவிடும். ரயில் என்றால் ஊரின் பெயர். மூத்த மாணவன் ஒருவன் 'ரூட்டு தல'. அவன் படிப்பு முடிந்து போகும்போது அடுத்தவனைக் கைகாட்டிவிட்டுப் போவான்.

ரூட்டுக்குப் பதிவு எண் கிடையாது. விதிநூல் கிடையாது. ஆனாலும் அது தொடங்கும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கல்லூரி திறந்ததும் முதலாண்டுப் பையன்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று விசாரிப்பார்கள். இன்ன பெட்டி, இன்ன கதவு நம்முடையது என்று காட்டுவார்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லி ஜே போடப் பழக்குவார்கள். பெட்டியின் தகரத்தில் தாளம் தட்டிக் கானா பாடுவார்கள். படிக்கட்டில் தொங்குவது முதல் சோதனை. அதன் பிறகு, எதிரி யார் என்று சொல்லித் தரப்படும். பெரும்பாலும் அது இன்னொரு கல்லூரி. சில சமயம் அதே கல்லூரியின் இன்னொரு ரூட்டு.

இந்தப் பகைக்கு எந்தக் கொள்கை அடிப்படையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1840இல் அரசின் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்தது மாநிலக் கல்லூரி. பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கொடையிலிருந்து 1842இல் தொடங்கியது பச்சையப்பன். கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கு இரண்டுமே வாசல் திறந்து வைத்தவை. ஒரே வகுப்பறை வறுமையிலிருந்து, ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள்தான் இரண்டு கல்லூரிப் பெயர்களைச் சொல்லிக் கத்தி எடுக்கிறார்கள். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில், ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்தில் பட்டாக்கத்தியோடு மாணவர்கள் மாணவர்களை விரட்டியதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு காவல்துறை ரூட்டு தலகளை வரவழைத்து நன்னடத்தை உறுதிமொழி எழுதி வாங்கியது. அரசிடம் எந்தப் பதிவும் இல்லாத ஒரு தலைமைப் பதவிக்கு முதன்முதலாக எழுத்துப்பூர்வமான அங்கீகாரம் கொடுத்தது காவல் நிலையம்தான். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டு, சில நாட்கள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். அவர் திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை. இந்தத் தடத்தில் தினமும் வந்துபோனவர்.

இந்தப் பையன்களைப் போலீஸ் கண்ணால் மட்டும் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். தலித், பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். நகரம் இவர்களின் உடையை, பேச்சை, நிறத்தை எடைபோட்டு ஓரம் கட்டுகிறது. அப்படியொரு நகரத்துக்குள் தனியாக நுழைகிற பதினெட்டு வயதுப் பையனுக்கு, 'நீ எங்க ஏரியா, எங்க ரூட்டு' என்று தோளில் கைபோடுகிற ஒரு கூட்டம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. 1965 மொழிப்போர்க் காலத்தில் இந்த நகரத்தின் மாணவர்கள் ஒரு அரசையே அசைத்தார்கள். இன்று பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் என்ற ஒன்று நடந்த நினைவே யாருக்கும் இல்லை. பேசுவதற்கு மேடையில்லாத இடத்தில் ரயில் கதவு மேடையாகிறது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. அதே பதினெட்டு வயதில், அதே ஊரிலிருந்து, அதே முதல் பட்டதாரியாக வருகிற பெண்ணுக்கு இந்தக் கூட்டத்தில் என்ன இடம்?

இடம் இருக்கிறது. கானாவில் இருக்கிறது. ஏமாற்றிப் போனவளாக, பின்னால் சுற்ற வைக்கிறவளாக, 'நம்ம ரூட்டுப் பொண்ணு' என்று காவல் காக்கப்பட வேண்டியவளாக இருக்கிறது. இன்னொரு ரூட்டுக்காரன் அவளிடம் பேசினால் அது சண்டைக்குப் போதுமான காரணம். பேசியது அவளுக்கு விருப்பமா என்று கேட்கப்படுவதில்லை. அவள் ரூட்டின் உறுப்பினர் கிடையாது, ரூட்டின் சொத்து. என் மாணவிகள் இதைத் தெளிவாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு இன்னும் அரைமணி நேரம் முந்தைய வண்டியைப் பிடிக்க ஓடுகிறார்கள். அந்த அரைமணி நேரம் அவர்கள் தூக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது. வருகைப் பதிவேட்டில் அது தெரியாது.

3

அமெரிக்காவில் இதே காரியம் காகிதத்தில் நடந்தது. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கிரேக்க எழுத்தில் பெயர், ரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி, ஒரு பதக்கம். சில ஆண்டுகளுக்குள் யேலிலும் ஹார்வர்டிலும் கிளை தொடங்க அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பெருகிய 'ஃப்ரட்டர்னிட்டி' எனப்படும் மாணவர் சகோதரக் கழகங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. தாய்க்கழகம் பத்திரம் கொடுக்கும், புதிய ஊரில் கிளை பிறக்கும், புதியவர்கள் சோதனைக்கு உட்பட்டுச் சேர்வார்கள். ஃபை பீட்டா கப்பாவில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டது 1875இல், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில். தொடங்கி 99 வருடங்கள் கழித்து.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் இண்டியானாவின் ஆஸ்பரி கல்லூரியில் நடந்த ஒரு சம்பவத்தை என் மாணவிகளிடம் அடிக்கடி சொல்வேன். அந்தக் கல்லூரி 1867இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. முதலில் நுழைந்தவர்களில் ஒருவர் பெட்டி லாக். ஆண்கள் கழகம் ஒன்று தன் பதக்கத்தை அணிந்துகொள்ளும்படி அவரைக் கேட்டது. உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். முடியாது, பதக்கம் மட்டும் அணியலாம், கழகத்தின் செல்ல அடையாளமாக இருக்கலாம் என்றார்கள். அவர் மறுத்தார். 1870 ஜனவரியில் தோழிகள் மூவரோடு சேர்ந்து கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற பெண்கள் கழகத்தைத் தொடங்கினார்.

பதக்கத்துக்கும் உறுப்புரிமைக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பெட்டி லாக் சரியாகக் கண்டுபிடித்தார். 'நம்ம ரூட்டுப் பொண்ணு' என்பது அந்தப் பதக்கம்தான். பெண் அதை அணிந்தால் ஆணின் கூட்டத்துக்கு அலங்காரம். மறுத்தால் திமிர் பிடித்தவள்.

பெண்கள் கழகம் தொடங்கியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கழகங்களும் நிறத்தாலும் வர்க்கத்தாலும் வாசலை அடைத்தன. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. வாசலைக் கட்டி, வாசலில் ஒருத்தரை நிறுத்தித்தான் சகோதர உணர்வை உண்டாக்க முடியும் என்ற நம்பிக்கையைப் பெண்களும் கடன் வாங்கினார்கள். பிரச்சினை வாசலில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைவிட ஆழமானது.

4

இப்போது பழையனூருக்கு வருவோம்.

நீலி கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான எலும்புக்கூடு இது. ஒரு பெண்ணை அவள் கணவன் ஆலங்காட்டுப் பக்கம் கொன்றுபோடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறந்து அதே வழியில் வருகிறான். அவள் நீலி என்ற பேயாகக் காத்திருக்கிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று பழையனூர் வேளாளர் சபையில் அழுகிறாள். வணிகன் பயந்து, இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்கிறான். சபையோர் எழுபது பேர். உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் எங்கள் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

வேளாளர் பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கதையை மறக்காமல் சொல்வார்கள். எழுபது பேர் தீப்பாய்ந்த இடம் இன்றும் காட்டப்படுகிறது. ஒரு கூட்டம் கூட்டமாக நிலைபெறுவதற்குத் தேவையான எல்லாம் இந்தக் கதையில் இருக்கின்றன: எண்ணிக்கை, வாக்கு, ஒருவருக்காக எல்லோரும் சாவது, பிறகு நினைவிடம்.

கதையை அதன் முதல் கொலையிலிருந்து படித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஒரு பெண் கொல்லப்பட்டபோது அவளுக்கு எந்தச் சபையும் பிணை நிற்கவில்லை. அவளைக் கொன்றவன் திரும்பி வந்தபோது அவனுக்கு எழுபது பேர் பிணை நின்றார்கள். ஆணின் உயிருக்குக் கொடுத்த வாக்கு, மானம் என்ற பெயரில் கல்லில் நிற்கிறது. பெண்ணின் அழுகை 'நீலிக்கண்ணீர்' என்ற பழிச்சொல்லாக நம் நாக்கில் நிற்கிறது. கதையில் அவள் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. அவன் அவள் கணவன்தான். அவளைக் கைவிட்டவன்தான், அதற்கு மேலும் செய்தவன். பொய்க்கண்ணீர் என்பதற்கு உவமையாக நாம் எடுத்துக்கொண்ட அழுகை, கொலையுண்டவளின் அழுகை.

சபையோர் நீதி தவறியதாகக் கதை சொல்லவில்லை. அவர்கள் அழுகிற பெண்ணை நம்பினார்கள் என்றுகூட வாதிடலாம். ஆனால் நம்பி என்ன செய்தார்கள்? அவளைக் கணவனோடு சேர்த்து ஒரே அறைக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் நம் ஊர்ப் பஞ்சாயத்துகளும் காவல் நிலையங்களும் அழுகிற மனைவிக்குத் தருகிற தீர்ப்பு இதுதான். பயப்படுகிறேன் என்று அந்த ஆண் சொன்னபோது உத்தரவாதம் கிடைத்தது. பயப்படுகிறேன் என்று சொல்கிற பெண்ணுக்கு 'அனுசரிச்சுப் போம்மா' என்ற அறிவுரை கிடைக்கிறது.

நீலியை வேறு விதமாக எழுதிய பிரதி ஒன்று தமிழில் உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி என்ற சமண நூலில், பழையனூர் நீலி ஒரு முனிவரை அச்சுறுத்தப் போய், அவரிடம் அறம் கேட்டுத் தெளிந்து, பிற சமயவாதிகளோடு ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறவளாகிறாள். பௌத்தர், ஆசீவகர், வேதவாதி எல்லோரையும் கேள்வி கேட்கிறாள். அந்த நூலுக்கும் தன் சமயத்தை நிறுவும் நோக்கம் உண்டு, அதில் ஐயமில்லை. ஆனாலும் பேய்க்கு நாக்கு மட்டுமின்றித் தர்க்கமும் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. நம் மக்கள் வழக்கு தர்க்கம் பேசிய நீலியை மறந்துவிட்டு, கண்ணீர் விட்ட நீலியை வைத்துக்கொண்டது.

ரயிலில் ஒருவன் இடித்தான் என்று ஒரு மாணவி சொல்லும்போது, அவனுடைய கூட்டம் முழுவதும் அவனுக்குப் பிணை நிற்கிறது. 'எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்ல' என்று பத்துக் குரல்கள். அவள் அழுதால் நீலிக்கண்ணீர். பழையனூரிலிருந்து அந்தப் பெட்டிக்கு அதிக தூரமில்லை.

5

அடியார் கூட்டத்தின் கதை இதைவிட நுட்பமானது. அதனால் அதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

அறுபத்துமூவர் என்ற வரிசைக்கு விதை, சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை. அது பாடப்பட்ட சூழலைப் பெரியபுராணம் சொல்கிறது. தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கிறார்கள். சுந்தரர் அவர்களை மனத்துக்குள் வணங்கியபடி, நேராக இறைவனைப் பார்க்கப் போகிறார். விறன்மிண்டர் கோபப்படுகிறார். அடியார்களை வணங்காமல் போகிற சுந்தரனும் நமக்குப் புறம்பு, அவனை ஏற்றுக்கொண்ட சிவனும் புறம்பு என்று அறிவிக்கிறார். சுந்தரர் உடனே அடியார்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர்களுக்கு நான் அடியேன் என்று பாடுகிறார். முதல் தொடரை இறைவனே எடுத்துக்கொடுத்தான் என்பது மரபு. அந்தத் தொடரில் வருபவர்கள் தில்லைவாழ் அந்தணர்கள்.

ஒரு கழகத்தின் தொடக்கக் கதையாக இதைப் படித்துப் பாருங்கள். முதலில் 'நீ வெளியே' என்ற அறிவிப்பு. அதற்குப் பதிலாக ஒரு பட்டியல். கூட்டத்துக்குத் தலைவனான கடவுளையே வெளியேற்றத் துணிகிற கூட்டம் என்பதில் ஒரு அழகான சமத்துவம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் குயவரும் வேடரும் வண்ணாரும் பாணரும் புலைப்பாடியில் பிறந்தவரும் இருப்பது அந்தக் காலத்துக்குச் சிறிய காரியமில்லை. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். ஒருவர் பாண்டியன் மனைவி மங்கையர்க்கரசியார். இன்னொருவர் சுந்தரரின் தாய் இசைஞானியார். மனைவியாக ஒருவர், தாயாக ஒருவர். யாருக்கும் மனைவியாக நிற்காமல், யாரையும் பெறாமல் உள்ளே வந்தவர் ஒருவர்தான். அவரைச் சுந்தரர் ஒரே சொல்லில் குறிப்பிடுகிறார்: பேயார்.

புனிதவதி என்ற பெண், மாங்கனி அதிசயத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் வேறு ஊர் போய் வேறு மணம் செய்துகொண்டு, அவள் தேடி வந்தபோது அவள் காலில் விழுந்த பிறகு, அவனுக்காகத் தாங்கிய தசையை உதறித் தரும்படி இறைவனிடம் கேட்டுப் பேயுருவம் பெற்றாள் என்று சேக்கிழார் எழுதுகிறார். இந்த இடத்தில் பெண்ணிய வாசிப்புகள் இரண்டாகப் பிரியும். பக்தியின் கூட்டத்துக்குள் நுழைய ஒரு பெண் கொடுக்க வேண்டியிருந்த நுழைவுக் கட்டணம் அவள் உடல் என்று ஒரு வாசிப்பு. ஆணுக்காகவே பராமரிக்கப்பட்ட உடலை அவளே கழற்றிப் போட்ட விடுதலை என்று இன்னொரு வாசிப்பு. இரண்டும் சேக்கிழாரைத்தான் படிக்கின்றன. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். அம்மையார் சம்பந்தருக்கும் முந்தியவர். அவருடைய சொந்தக் கவிதைகளில் மாங்கனி இல்லை, பரமதத்தனும் இல்லை. தசையை உதறிய கதையும் இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று அவரே பெயரிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். கணவனை முன்வைத்து அந்தப் பெயருக்குக் காரணம் கண்டுபிடித்தது, பின்னால் வந்த கூட்டத்தின் தேவை.

அம்மையாருடையவை என்று நமக்குக் கிடைப்பவை 143 பாடல்கள். அற்புதத் திருவந்தாதி 101, திருஇரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22. அந்தப் பதிகங்களுக்கு 'மூத்த' என்ற அடை ஏன் வந்தது? மூவர் தேவாரத்துக்கு முந்தியவை என்பதால். அப்படியானால் திருமுறை வரிசையில் அவற்றின் இடம் எது? பதினோராம் திருமுறை. முன்னால் பாடியவள் பின்னால் தொகுக்கப்பட்டாள். மூத்தவள் என்ற பட்டம் தலைப்பில் இருக்கிறது, வரிசையில் இல்லை. பதக்கம் உண்டு, இடம் வேறு.

சம்பந்தர் திருவாலங்காட்டுக்கு வந்த கதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. அம்மையார் தலையால் நடந்த நிலம் என்பதால் அதை மிதிக்க அஞ்சி அருகில் ஓர் ஊரில் தங்கினார் என்கிறது பெரியபுராணம். அங்கே அவர் பாடிய பதிகத்தின் முதல் பாட்டிலேயே, வஞ்சித்து ஓர் ஆணின் உயிர் கொண்ட பெண்ணின் கதை வருகிறது. அது நீலி கதை என்பது உரைமரபு. ஒரே ஊரின் இரண்டு பேய்கள். ஒருத்தி நடந்த மண்ணை மிதிக்கக் கூடாது. இன்னொருத்தி வஞ்சகத்துக்கு எடுத்துக்காட்டு. கூட்டத்தின் கடவுளுக்கு அடங்கிய பேய் அம்மை ஆனாள். அடங்காத பேய் நீலி ஆனாள். இரண்டு பெண்களுக்கும் கணவனால் நேர்ந்தது என்ன என்ற கேள்வி பக்திப் பரவசத்தில் கரைந்துவிட்டது.

6

அம்மையாரின் பதிகங்களுக்குள் நுழைந்தால் வேறொரு கூட்டம் தென்படுகிறது. ஆலங்காட்டுச் சுடுகாட்டில் பேய்கள் கூடியிருக்கின்றன. பெரும்பாலும் பெண்பேய்கள். உலர்ந்த மார்பும் குழிந்த வயிறும் நரம்பு தெரியும் உடம்புமாக இருக்கின்றன. ஒரு பேய்த்தாய் தன் குழந்தைக்குக் காளி என்று பெயர் வைத்து, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டுப் போகிறாள். தாயைக் காணாத குழந்தை அழுதழுது தூங்கிவிடுகிறது. அதற்கு நடுவில்தான் சிவன் ஆடுகிறான்.

அந்தச் சுடுகாட்டுக்கு வாசல் இல்லை. யாரும் யாரையும் சோதித்துச் சேர்த்துக்கொள்ளவில்லை. பட்டியல் கிடையாது. சாதி எரிந்து முடிந்த இடம் என்பதால் எல்லோரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். வேலைக்குப் போகிற தாயும் அழுது தூங்குகிற குழந்தையும் அந்தக் கூட்டத்தில் வெட்கமில்லாமல் இருக்கிறார்கள். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பார். அதைச் சலுகை என்று விளக்குவார்கள். தன் பதிகத்தில் அவர் ஆடலைப் பார்த்தபடி பாடுகிறவர். வரிசையில் நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்று எனக்குத் தோன்றும்.

ஆண் சகோதரத்துவத்துக்கு எதிராகப் பெண் சகோதரத்துவம் என்று எதிர்நிறுத்த நான் விரும்பாததற்குக் காரணம் இந்தப் பதிகங்கள்தான். 'சகோதர' என்ற வடசொல்லின் பொருள் ஒரே வயிற்றில் பிறந்த என்பது. வயிறு சொல்லில் இருக்கிறது, வயிற்றுக்காரி கூட்டத்தில் இல்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது என்றார். சமத்துவம் இல்லாத சகோதரத்துவம் எப்படி இருக்கும் என்பதற்கு ரூட்டும் எழுபது பேர் சபையும் உதாரணம். உள்ளே இருப்பவர்களுக்குள் உயிரைக் கொடுக்கும் பாசம், வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் இல்லை.

மாணவிகள் கூட்டமாக நின்றதற்குச் சென்னையில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட 2003இல் அன்றைய அரசு முடிவெடுத்தது. மாணவிகள் வளாகத்துக்குள் உட்கார்ந்தார்கள். நாட்கணக்கில் உட்கார்ந்தார்கள். பேராசிரியைகளும் பழைய மாணவிகளும் வெளியிலிருந்து ஆதரவு திரட்டினார்கள். கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கல்லூரி இன்றும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. தங்கள் கல்லூரி மேல் கொண்ட பற்றுக்கு அந்த மாணவிகளுக்கு இன்னொரு கல்லூரி எதிரியாகத் தேவைப்படவில்லை. 'தல' யார் என்று இன்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அந்தப் போராட்டத்தின் பலமும் அதுதான், அது கல்வெட்டில் ஏறாமல் போனதற்குக் காரணமும் அதுதான். பையன்கள் பஸ் மேல் ஏறி விழுந்தது செய்தியாகி நினைவில் நிற்கிறது. பெண்கள் ஒரு கல்லூரியைக் காப்பாற்றியதை என் வகுப்பில் பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை.

இதைப் படிக்கிற மாணவிகளுக்கு நடைமுறையில் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். பெண்கள் பெட்டி சலுகை இல்லை. ரயில்வே சட்டத்தின் 58ஆம் பிரிவு பெண்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது, 162ஆம் பிரிவு அதில் நுழையும் ஆணைத் தண்டிக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து புகார் சொல்ல 139 என்ற எண் இருக்கிறது. கல்லூரிக்குள் என்றால், பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அந்தக் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். இந்தத் தேர்தல் எங்கே நடக்கிறது? நான் வேலை பார்த்த இடங்களில் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு நான் பார்த்திருக்கிறேன், வாக்குப்பெட்டியைப் பார்த்ததில்லை.

அந்த வாக்குப்பெட்டியைக் கேளுங்கள். முதல்வர் அறைக்குப் பத்துப் பேராகப் போய் எழுத்தில் கேளுங்கள். பத்தில் நான்கு பேர் அந்த ரயிலில் வருகிற பையன்களாக இருந்தால் இன்னும் நல்லது. கத்தியில்லாமல் கூட்டம் கூட அவர்களுக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஒருத்தி அழும்போது 'நீலிக்கண்ணீர்' என்று யாராவது சொன்னால், பழையனூர் கதையை முதல் கொலையிலிருந்து அவர்களுக்குச் சொல்லுங்கள்.